பத்தாயிரத்துக்குள் டச் போன்: எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது

கோவில்பட்டியில் இருக்கும் என் அத்தைக்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தேன். ஆறாயிரத்துச் சொச்சம். 2 ஜிபி ரேம் (ஆப்கள் ஓடும்போது போன் வேலை செய்யும் இடம்), 32 ஜிபி ஸ்டோரேஜ் (ஆப், படம் எல்லாம் தங்கும் இடம்). டப்பாவில் ஆக்டா கோர், ஏஐ டூயல் கேமரா என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பதினான்காவது மாதம் அத்தையிடமிருந்து அழைப்பு வந்தது, பழைய பட்டன் போனிலிருந்து. “ஏலே, நீ வாங்கிக் குடுத்தது பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யாராச்சும் கூப்பிட்டா பேரு வர்றதுக்குள்ள அவங்களே வச்சிடுதாங்க.”

போனைத் திட்டிப் பயனில்லை, தேர்ந்தெடுத்தது நான். இந்த விலையில் வரும் எந்தப் போனிலும் ஏதோ ஒன்றைக் குறைத்துத்தான் விலையை இறக்கியிருப்பார்கள். எதைக் குறைத்தார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அந்தக் குறை நமக்கு உறைக்காத போனாகப் பார்த்து எடுக்க வேண்டும். முதல் தடவை நான் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்கினேன். இரண்டாவது தடவை செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். முதன்முதலாகப் போன் வாங்குபவருக்கும், வீட்டில் பெரியவர்களுக்கோ படிக்கிற பிள்ளைக்கோ வாங்கிக் கொடுப்பவருக்கும் உதவும்.

முதலில் ஒரு துண்டுச் சீட்டு

கடைக்குப் போகும் முன் போனை யார், எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அத்தையின் சீட்டில் இருந்தவை: பேத்தியோடு வாட்ஸ்அப் வீடியோ கால், யூடியூபில் சமையலும் கோயில் கும்பாபிஷேகமும், மகளிர் குழுவின் வாட்ஸ்அப் குரூப், கேஸ் புக்கிங், ஜிபே. அவ்வளவுதான். கேம் இல்லை, ரீல்ஸ் எடுக்கும் ஆசை இல்லை. இதே சீட்டு ஒரு கல்லூரிப் பையனுடையதாக இருந்தால் பிடிஎஃப், ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் கேம் என்று மாறும். டெலிவரி வேலைக்குப் போகிறவருடையது என்றால் மேப்பும், வெயிலில் திரை தெரிவதும், பேட்டரியும் முதலில் வரும். சீட்டு இல்லாமல் கடைக்குள் போனால், கடைக்காரரிடம் எந்த மாடல் அதிகம் தேங்கியிருக்கிறதோ அது உங்கள் கைக்கு வரும்.

ரேமும் ஸ்டோரேஜும்: இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

பட்ஜெட் போன் சீக்கிரம் சாவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். ரேம் குறைந்த போன்களுக்கென்றே கூகுள் 2017இல் ஆண்ட்ராய்டு கோ என்ற மெலிந்த பதிப்பைக் கொண்டு வந்தது. அதற்கென்று யூடியூப் கோ போன்ற லேசான ஆப்களும் இருந்தன. யூடியூப் கோவை 2022இல் கூகுளே நிறுத்திவிட்டது. வாட்ஸ்அப்பும் ஜிபேயும் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே போகின்றன, போனின் ரேம் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே குறைந்தது 4 ஜிபி ரேம். 3 ஜிபி என்பது ‘இப்போதைக்கு ஓடும்’ ரகம்.

இங்கே ஒரு கண்கட்டு வித்தை உண்டு. டப்பாவில் ‘8 ஜிபி ரேம்’ என்று இருக்கும், பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் 4 ஜிபி நிஜம், மீதி 4 ஜிபி விர்ச்சுவல். அதாவது ஸ்டோரேஜில் ஒரு மூலையைப் பிடித்து ரேம் போல நடிக்க வைக்கிறார்கள். ஸ்டோரேஜ் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. கணக்குப் பார்க்கும்போது நட்சத்திரக் குறி போட்டதை அடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரேஜ் 64 ஜிபி என்றால் முதல் நாளே ஆண்ட்ராய்டும் கூடவே வரும் ஆப்களுமாகப் பத்துப் பதினைந்து ஜிபிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கும். நாலு வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவருக்குக் காலை வணக்கப் படங்களே மீதியைத் தின்றுவிடும். இரண்டு விலைக்கும் ஆயிரம் ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் 128 ஜிபியை எடுங்கள். ‘மெமரி கார்டு போட்டுக்கலாம் சார்’ என்பார்கள். போடலாம், படமும் பாட்டும் அதில் போகும். ஆப்களும் அவற்றின் தரவும் பெரும்பாலும் உள் ஸ்டோரேஜில்தான் உட்காரும்.

ஸ்டோரேஜிலும் இரண்டு சாதி உண்டு: இஎம்எம்சி, யுஎஃப்எஸ். முதலாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டியை மட்டும் விடுகிற குறுகலான பாலம், ஒன்று படிக்கும் அல்லது எழுதும். இரண்டாவது இருவழிச் சாலை. வாட்ஸ்அப்பில் படங்கள் இறங்கிக்கொண்டிருக்கும் அதே நேரம் அழைப்பு வந்தால், அத்தை சொன்ன அந்தத் தாமதத்துக்கு இந்தக் குறுகலான பாலமும் ஒரு காரணம். டப்பாவில் இதைப் பெரும்பாலும் போட மாட்டார்கள். மாடல் பெயரைக் கூகுளில் போட்டால் தெரியும். ஒரே விலையில் இரண்டு போன் நின்றால், யுஎஃப்எஸ் இருப்பதை எடுங்கள்.

எட்டுக் கோர் என்றால் எட்டுப் பயில்வான் இல்லை

ஆக்டா கோர், அதாவது போனின் மூளையான சிப்பில் எட்டுக் கோர் (கணக்குப் போடும் பகுதி), என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். எந்த எட்டு என்று பார்க்க வேண்டும். மீடியாடெக் ஹீலியோ ஜி36 சிப்பில் இருக்கும் எட்டுமே கோர்டெக்ஸ் ஏ53, 2012இல் அறிவிக்கப்பட்ட சின்னக் கோர். யூனிசாக் டி606, ஹீலியோ ஜி85 போன்றவற்றில் ஆறு சின்னக் கோரோடு இரண்டு பெரிய கோர், கோர்டெக்ஸ் ஏ75, இருக்கின்றன. ஒரு ஆப்பைத் திறக்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில் உழைப்பது அந்த இரண்டு பெரியவைதான். அவை இல்லாத போனில் எல்லாமே ஒரு மூச்சு தாமதமாக நடக்கும். சீட்டில் கேம் இருந்தால் டைமென்சிட்டி 6300 போன்ற சிப் வரை பார்க்கலாம், ஆனால் அது பெரும்பாலும் பத்தாயிரத்தைத் தாண்டச் சொல்லும்.

கேமராவும் திரையும்

50 மெகாபிக்சல் என்று போட்டிருக்கும். நாலு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் அது வழக்கமாகத் தரும். அதில் தப்பில்லை, பகல் வெளிச்சத்தில் படம் நன்றாகவே வரும். இரவில் கல்யாண மண்டப விளக்கில் முகங்கள் களிமண் பூசியது போல் இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

வேடிக்கை இரண்டாவது லென்ஸில் இருக்கிறது. இந்த விலையில் பல போன்களில் அது 0.08 மெகாபிக்சல். அதாவது 320க்கு 240, மொத்தம் 76,800 புள்ளிகள். கடையில் இப்படிச் சோதித்தேன்: டெமோ போனில் கேமராவைத் திறந்து, பின்பக்கத்தில் இரண்டாவது வட்டத்தை மட்டும் விரலால் மூடினேன். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட்டுக்குப் போய்ப் படம் எடுத்தேன், அதுவும் வந்தது. பக்கத்தில் நின்ற கடைப் பையன் சிரித்துவிட்டு, “அண்ணே, அது சும்மா அழகுக்கு” என்றான். நேர்மையான பையன். மூன்று வட்டம் இருக்கிறது என்பதற்காக ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

திரை பெரும்பாலும் எச்டி பிளஸ், 720க்கு 1600. ஆறரை ஏழு அங்குலத் திரையில் எழுத்து ஊசி முனை போல் கூர்மையாக இருக்காது. வாட்ஸ்அப்புக்கும் யூடியூபுக்கும் அது போதும். நாள் முழுக்கப் பிடிஎஃப் படிக்கும் மாணவருக்கு ஃபுல் எச்டி பிளஸ் கிடைத்தால் நல்லது. 90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) எல்லாம் விரலால் தள்ளும்போது வழவழவென்று இருக்கச் செய்யும், ஆனால் மெலிந்த சிப்போடு வந்தால் அது வெறும் விளம்பரம். போனை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். ஏசிக் கடை விளக்கின் கீழ் எல்லாத் திரையும் அழகுதான்.

யாரும் சொல்லாத சின்னக் குறைகள்

சென்சார்கள். செலவைக் குறைக்க முதலில் கழற்றப்படுபவை இவைதான்.

திசைகாட்டி சென்சார் இல்லாத போனில் கூகுள் மேப்பில் நீங்கள் நிற்கும் இடத்து நீலப் புள்ளி வரும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று காட்டும் விசிறி வெளிச்சம் வராது. பத்தடி நடந்தால்தான் அது திசையைப் புரிந்துகொள்ளும். அத்தைக்கு இது ஒரு பொருட்டே இல்லை, கோவில்பட்டியில் அவருக்கு வழிகாட்டக் கூகுள் தேவையில்லை. டெலிவரி செய்பவருக்கு இது தினமும் எரிச்சல். டெமோ போனில் மேப்பைத் திறந்து, நின்ற இடத்தில் சுற்றிப் பாருங்கள்.

அடுத்தது காதருகே வைத்தால் திரையை அணைக்கும் சென்சார். பல பட்ஜெட் போன்களில் அது நிஜச் சென்சார் இல்லை, மென்பொருளே ஊகித்துக்கொள்கிறது. ஊகம் தவறினால் பேசிக்கொண்டிருக்கும்போதே கன்னம் பட்டு மியூட் ஆகிவிடும். “நான் பேசுறது கேக்குதா, கேக்குதா” என்று எதிர்முனையில் கத்திக்கொண்டிருக்க, இங்கே ஆள் அமைதியாக இருப்பார். கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். கால் ரெக்கார்டிங் வேண்டும் என்றால் அதையும் அப்போதே அழுத்திப் பாருங்கள். கூகுளின் டயலர் (அழைப்பு ஆப்) வரும் போன்களில் ‘பதிவு செய்யப்படுகிறது’ என்று இரு பக்கமும் கேட்கும்படி அறிவித்துவிடும்.

சார்ஜர் விஷயம் எளிய கணக்கு. 5000 எம்ஏஎச் பேட்டரி என்பது ஏறத்தாழ 19 வாட்-மணி. 10 வாட் சார்ஜரில் போட்டால் கணக்குப்படி இரண்டு மணி நேரம், நடைமுறையில் இழப்பெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குப் பக்கம். ராத்திரி போட்டுத் தூங்குகிறவருக்குப் பிரச்சினை இல்லை. டப்பாவுக்குள் சார்ஜர் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள், சில போன்களில் வெறும் கேபிள்தான் வருகிறது.

சிம், 4ஜி, 5ஜி

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியது. இப்போது பத்தாயிரத்தை ஒட்டியே 5ஜி போன் கிடைக்கிறது. ஆனால் 5ஜி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஜியோ எஸ்ஏ என்ற தனித்த முறையில் 5ஜியைக் கொடுத்தது. ஏர்டெல், 4ஜியின் முதுகில் ஏறி ஓடும் என்எஸ்ஏ முறையில் தொடங்கியது. 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜி எஸ்ஏ முறையை மட்டும் ஏற்கும்படி வந்தது, எனவே ஏர்டெலின் என்எஸ்ஏ 5ஜி அதில் கிடைக்காது. விவரப் பட்டியலில் ‘எஸ்ஏ, என்எஸ்ஏ’ இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர்கள் 28ஆம் பேண்ட் (அலைவரிசை), அதாவது 700 மெகாஹெர்ட்ஸ், இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

என் கருத்தைக் கேட்டால், ஒரே விலையில் 4 ஜிபி ரேம் 5ஜி போனும் 6 ஜிபி ரேம் 4ஜி போனும் இருந்தால் அத்தை மாதிரி ஆட்களுக்கு இரண்டாவதுதான். வீடியோ காலுக்கு 4ஜி தாராளம்.

இரண்டு சிம்மோடு மெமரி கார்டும் போட வேண்டும் என்றால் மூன்று தனி இடம் உள்ள டிரேயா என்று கேளுங்கள். சிலவற்றில் இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடும்.

அப்டேட்

வாரண்டி ஒரு வருடம்தான், அதைத் தாண்டி போனின் ஆயுளைத் தீர்மானிப்பது அப்டேட். எத்தனை ஆண்ட்ராய்டு பதிப்பு, எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் என்பதைக் கம்பெனி தன் இணையதளத்தில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங் கேலக்ஸி ஏ16க்கு ஆறு பதிப்பு வரை என்று அறிவித்தார்கள், எல்லாப் போனுக்கும் அப்படி இல்லை. இந்த விலையில் இரண்டு கிடைத்தாலே பரவாயில்லை. ஒன்றுமே சொல்லாத போனில் ஜிபே வைத்துக்கொள்வதை நான் விரும்ப மாட்டேன். போன வருட மாடலைத் தள்ளுபடியில் வாங்கும்போது, அப்டேட் கணக்கிலும் ஒரு வருடம் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

கடையில், பணம் கொடுக்கும் முன்

சீல் உடையாத டப்பாவா என்று பாருங்கள். உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். *#06# அழுத்தினால் திரையில் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), டப்பாவில் உள்ளது, பில்லில் எழுதுவது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய போன் வாங்குவதாக இருந்தால் இன்னும் ஒரு படி: கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தும், இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணும் அடித்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது தடை செய்யப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். ‘பில் இல்லாம ஐந்நூறு குறைச்சுத் தர்றேன்’ என்றால் வேண்டாம். செல்போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், நாம் கொடுக்கும் விலைக்குள் அது இருக்கிறது, பில் நம் உரிமை.

தவணையில் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சில நிதி நிறுவனங்கள் போனுக்குள் ஒரு பூட்டு ஆப்பைப் போட்டுத்தான் தருவார்கள். தவணை தவறினால் போன் பூட்டிக்கொள்ளும். பிராசசிங் கட்டணத்தையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக் கேளுங்கள்.

அப்படியே பக்கத்துச் சர்வீஸ் கடையில் அந்த மாடலுக்கு டிஸ்ப்ளே காம்போ (கண்ணாடியும் திரையும் சேர்ந்தது) என்ன விலை, உடனே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கைதவறி விழுந்தால் போகும் முதல் பொருள் அது. டெம்பர் கிளாசும் பேக் கவரும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

முதல் நாள் சாயங்காலம்

கடைக்காரர் “நானே எல்லாம் செட் பண்ணித் தர்றேன்” என்பார். அங்கேதான் பெரிய வினை. அத்தையின் முதல் போனில் கடைக்காரர் இரண்டே நிமிடத்தில் புதுசாக ஒரு ஜிமெயில் உருவாக்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்திருந்தார். அது என்ன என்று அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பிற்பாடு கேட்டபோது கடைக்காரருக்கும் தெரியவில்லை. போன் மெதுவாகிவிட்டதே, முழுசாக அழித்துப் புதுசு போல் ஆக்கலாம் என்று வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் பிடித்து ரீசெட் செய்தேன். போன் எழுந்து வந்து பழைய ஜிமெயிலின் பாஸ்வேர்டைக் கேட்டது. திருட்டுப் போனை யாரும் பயன்படுத்தாமல் இருக்க வைத்த பூட்டு அது. எங்கள் சொந்தப் போனிலேயே நாங்கள் திருடர்களாகி நின்றோம். தொடர்பு எண்களில் பாதி திரும்பி வரவில்லை.

ஆகவே ஜிமெயிலை வீட்டில் உட்கார்ந்து நீங்களே போடுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் நம்பரையும் சேருங்கள். பாஸ்வேர்டை எழுதி வைப்பது தப்பு என்பார்கள். அறுபது வயதுக்காரருக்கு மறந்துபோவதுதான் பெரிய ஆபத்து. இப்போது அத்தையுடையது பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஜிபே பின் நம்பர் மட்டும் எங்கேயும் எழுதக் கூடாது.

அப்புறம் வரிசையாக இவற்றைச் செய்யுங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், எழுத்தை ஒரு படி பெரிதாக்குங்கள். சிஸ்டம் அப்டேட் வந்திருந்தால் வைஃபையில் போட்டு முடியுங்கள். கூடவே வந்த கேம்கள், ஷாப்பிங் ஆப்கள், இரண்டாவது பிரவுசர் எல்லாவற்றையும் நீக்குங்கள், நீங்காதவற்றை முடக்குங்கள். பூட்டுத் திரையில் படமும் செய்தியுமாக வந்து விழும் வசதி இருந்தால் செட்டிங்கில் தேடி அணையுங்கள். அந்த விர்ச்சுவல் ரேமையும் நான் அணைத்துவிடுவேன், ஸ்டோரேஜாவது மிஞ்சும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அங்கே மீடியா தானாக இறங்கும் மூன்று இடத்திலும் வீடியோவின் டிக்கை எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலை போனின் ஆயுளைச் சில மாதம் நீட்டும். மாதம் ஒருமுறை அதே இடத்தில் எந்தக் குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்து அழிக்கலாம். ஸ்டோரேஜில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

ஜிபே போடும்போது அது சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். ரீசார்ஜில் எஸ்எம்எஸ் இல்லையென்றால் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும், போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பணம் ஏமாற்றப்பட்டால் கூப்பிட வேண்டிய 1930 எண்ணை ‘மோசடி புகார்’ என்று தமிழில் சேமித்து வையுங்கள்.

கடைசியாக, வேறொரு போனிலிருந்து புதுப் போனுக்கு அடித்துப் பாருங்கள். நானும் திண்ணையில் உட்கார்ந்து அத்தைக்கு அடித்தேன். இரண்டாவது மணி அடிக்கும் முன்பே என் பெயர் பெரிதாக வந்துவிட்டது. அத்தை மட்டும் எடுக்கவில்லை. பழைய போனில் பச்சையைத் தொட்டால் போதும், இதில் மேலே இழுக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தேன்.